ஸ்டாஃப் ரூம் கசக்காமல் இருக்க என்ன வழி?

[திரையில்: அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஸ்டாஃப் ரூம். மேசை மேல் ஒரு நீள நோட்டு.]

வணக்கம். ஒரு பள்ளியில் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமா? சுவரில் உள்ள பொன்மொழிகளை விட்டுவிடுங்கள். வராத ஆசிரியரின் வகுப்புக்கு யார் போவது என்று எழுதும் சப்ஸ்டிடியூட் நோட்டைப் புரட்டுங்கள்.

காலை பிரேயர் முடிகிறது. இரண்டு பேர் சி.எல்., அதாவது தற்செயல் விடுப்பு. ஒருவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். அந்த வகுப்புகளுக்கு யாருடைய ஃப்ரீ பீரியட் போகும்? பல பள்ளிகளில், மறுத்துப் பேசாதவருடையது. புதிதாகச் சேர்ந்தவர், அல்லது "டீச்சர், நீங்க கொஞ்சம் போய்ப் பாருங்களேன்" என்றதும் எழுந்துவிடுபவர். பகுதிநேர ஆசிரியர்கள் நிலை இன்னும் மோசம். ஓவியம், தையல், உடற்கல்விக்காக 2012-ல் வாரம் மூன்று அரைநாள் என்று எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆள் இல்லாத வகுப்புக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது அவர்கள் முகம்தான்.

ஒரு மாத நோட்டில் ஒரே கையெழுத்து திரும்பத் திரும்ப இருந்தால், அங்கே தலைமை ஆசிரியர் (ஹெச்.எம்.) "எல்லாரும் பாசிட்டிவா இருங்க" என்று சொல்லிப் பயனில்லை. எரிச்சல்தான் கூடும். முறை வைத்து, எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டினால் பாதிச் சண்டை அன்றே அடங்கும்.

[திரையில்: சிகாகோ நகரத்தின் வரைபடம்.]

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. அமெரிக்காவில் ஆந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-களில் சிகாகோவின் தொடக்கப் பள்ளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். பெரியவர்களுக்குள் நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டுக்கு ஒன்று கணக்கிலும் வாசிப்பிலும் முன்னேறியது. நம்பிக்கை இல்லாத பள்ளிகளில் ஏழுக்கு ஒன்றுதான். நம்பிக்கை என்று அவர்கள் எடுத்துக்கொண்டது மரியாதை, அக்கறை, வேலையில் திறமை, சொன்ன சொல் காப்பாற்றுவது. பிறந்தநாள் கேக்குக்கு அதில் இடமில்லை!

சரி, அடுத்தது எமிஸ், பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் அரசு இணையதளம். கம்ப்யூட்டர் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக ஒருவர் வருஷம் முழுக்கப் பதிவேற்றிக்கொண்டே இருப்பார். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர கல்வி சாராத வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளிக்குள்ளேயே குவியும் பதிவு வேலை யார் தலையில் விழும் என்பதை முடிவு செய்வது ஹெச்.எம்.தான். அந்த ஒருவருக்கு இரண்டு பீரியடாவது குறைத்துக் கொடுக்காமல், "சார் ரொம்ப டெடிகேட்டட்" என்று பாராட்டுவது ஏமாற்று வேலை.

[திரையில்: பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுப் பட்டியல். கணக்குப் பாடத்தில் சிவப்பு வட்டங்கள்.]

உண்மையான சோதனை மே மாதம் வரும். மாவட்டத்தில் ரிவ்யூ மீட்டிங். ஹெச்.எம். அங்கே எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறார். வந்த சூட்டில் ஸ்டாஃப் மீட்டிங்: "உங்க சப்ஜெக்ட்ல மட்டும் எட்டுப் பேர் போயிருக்காங்க சார், என்ன சொல்றீங்க?" கணக்கு ஆசிரியர் என்ன சொல்வார்? தலை குனிவார், அல்லது பிள்ளைகள் மேல் பழி போடுவார். இரண்டிலும் அடுத்த வருஷத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

அதே எட்டு விடைத்தாள் கதையை வேறு மாதிரி பேசலாம். ஆறு முதல் பத்து வரை கணக்கு எடுப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, அந்த எட்டுப் பேர் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்க்கலாம். பின்னமும் வகுத்தலும் வராமலே பத்தாம் வகுப்பு வரை வந்த பிள்ளை இருக்கும். அது ஐந்து வருஷத்துக் கணக்கு, ஒருவர் தலையில் கட்ட முடியாது. இப்படிப் பேசும் இடத்தில்தான் ஒருவர் ஜூலையிலேயே வாய் திறந்து, "ஒன்பது பி-யை என்னால சமாளிக்க முடியல, யாராவது ஒரு பீரியட் வந்து பார்க்கறீங்களா?" என்று கேட்பார். மற்ற பள்ளிகளில் கேட்க மாட்டார். கேட்டால் "கிளாஸ் கன்ட்ரோல் இல்லை" என்ற பெயர் ஓய்வு பெறும் வரை கூடவே வரும்.

அப்புறம், புலம்பலைத் தடை செய்யாதீர்கள். புலம்பலே இல்லாத ஸ்டாஃப் ரூமை நான் நம்ப மாட்டேன். அங்கே யாரோ பயந்துபோய் இருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். வேலையைப் பற்றிப் புலம்பினால் மனசு ஆறும். அங்கே இல்லாத சக ஆசிரியரைப் பற்றி ஆரம்பித்தால், அந்த அறையில் மூத்தவர் யாரோ அவர் பேச்சை மாற்ற வேண்டும். தலைமை ஆசிரியர் சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

சத்துணவு அமைப்பாளர், தூய்மைப் பணியாளர், அலுவலக உதவியாளர் எல்லோரும் ஸ்டாஃப்தான். ஆண்டு விழா குரூப் போட்டோவில் அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள்.

[திரையில்: செல்போன். இரவு 10 மணி. வாட்ஸ்அப் குழு.]

கடைசியாக இந்தக் குழு. "அர்ஜென்ட். நாளை காலை 10 மணிக்குள்." மேலிடத்திலிருந்து இப்படி வருவதை ஹெச்.எம். தடுக்க முடியாது. ஆனால் அதை அப்படியே முப்பது பேருக்கும் தட்டிவிடாமல், அந்த விவரம் வைத்திருக்கும் ஒருவரை மட்டும் கூப்பிட்டுக் கேட்கலாம். உங்கள் பள்ளியில் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? கமென்டில் எழுதுங்கள்.