நிழல் காலடியில் ஒடுங்கும் நேரம்

பெரியோர்களே, தாய்மாரே, பிள்ளைகளே,

ஏப்ரல் 7ஆம் திகதி நண்பகல் 12 மணி 12 நிமிடமளவில், கொழும்பில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வெள்ளவத்தையில் நிமிர்ந்து நிற்கும் கம்பம் எதற்கும் அந்நேரம் பக்கத்தில் நிழல் விழாது. உத்தராயணத்தில் வடக்கே போகும்போது இது ஒரு தரம். தட்சிணாயனத்தில் திரும்பும்போது, செப்டெம்பர் முதல் வாரத்தில், இன்னொரு தரம். உச்சிக்காலப் பூசைக்கு நாள்தோறும் மணி அடிக்கிறது. உச்சி என்ற சொல் அச்சொட்டாக உண்மையாகும் இந்த இரண்டு நாட்களை மட்டும் நாம் கவனியாமல் விட்டுவிடுகிறோம்.

12 மணிக்கே ஏன் உச்சி வருவதில்லை? நமது மணிக்கூடு 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது. கொழும்பு அதற்கு மேற்கே இரண்டரைப் பாகைக்கும் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று பத்தரை நிமிடம் பிந்துகிறது. மீதி இரண்டு நிமிடம் பூமியின் நீள்வட்டப் பாதையாலும் அச்சின் சாய்வாலும் வருவது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொழும்பில் நிழல் இல்லாத அதே நேரத்தில் யாழ்ப்பாணத்தில் நிழல் உண்டு. அங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஒரு வாரம் கழித்து, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி. இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பது நமக்குக் கிடைத்த பேறு. யாழ்ப்பாணத்தில் ஓர் உறவினர், கையில் தொலைபேசி, இவை போதும். பூமியின் ஆரையை நீங்களே அளந்துவிடலாம்.

தடி நட வேண்டாம். ஒரு மீற்றர்த் தடி ஒரு பாகை சரிந்தாலே ஒன்றே முக்கால் சென்ரிமீற்றர் பிழை வரும். நிழலின் முனையும் மங்கலாகத்தான் விழும். ஒரு தடித்த அட்டையில் 3 மில்லிமீற்றர் துளை இடுங்கள். அதை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி, துளை தரையிலிருந்து சரியாக 100 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும்படி ஒட்டுங்கள். துளைவழியே தையல் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தைத் தரையிலே குறியுங்கள். மொட்டைமாடியில் கடற்காற்று நட்டை ஆட்டும். சுவர் மறைவில் வைப்பதே நல்லது. பிறகு நூலை எடுத்துவிடுங்கள். 12.05 முதல் 12.20 வரை, தரையில் விழும் ஒளிவட்டத்தின் நடுவை நிமிடத்துக்கு ஒரு புள்ளியாகக் குறியுங்கள். ஒரே ஒரு புள்ளியை நம்பக்கூடாது, நான்கு நிமிடத்தில் வட்டம் ஒன்றே முக்கால் சென்ரிமீற்றர் கிழக்கே ஓடிவிடும். புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, நட்டுக் குறியிலிருந்து கோட்டுக்குள்ள மிகக் குறைந்த தூரத்தை அளவுங்கள்.

கொழும்பில் அது ஏறத்தாழப் பூச்சியம். யாழ்ப்பாணத்தில் வடக்கே நாலே முக்கால் சென்ரிமீற்றர். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 300 கிலோமீற்றர். பஸ் போகும் வீதியின் தூரத்தைப் போட்டால் கணக்குக் கெட்டுவிடும். துளையின் உயரத்துக்கு வட்டம் விலகிய அளவு எப்படியோ, பூமியின் ஆரைக்கு இந்தத் தூரமும் அப்படியே. ஆகவே 300ஐ உயரமான 100ஆல் பெருக்கி 4.75ஆல் வகுத்தால் 6300க்குச் சற்றுமேல் வரும். பூமியின் உண்மையான சராசரி ஆரை 6371 கிலோமீற்றர்! அளவில் ஒரு மில்லிமீற்றர் தவறினால் விடையில் 130 கிலோமீற்றர் போய்விடும், ஆகவே பென்சிலை நன்றாகக் கூராக்குங்கள்.

தரையில் விழுந்த அந்த வட்டம் துளையின் வடிவமல்ல. சதுரமாக வெட்டினாலும் வட்டமாகவே விழும், ஏனெனில் அது சூரியனின் படம். மாமரத்தடியில் இலையிடுக்கால் சிந்தும் காசு காசான வெளிச்சமும் அதேதான். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தின்போது கொழும்பில் அவை பிறைகளாயின, யாழ்ப்பாணத்தில் வளையங்களாயின. கண்ணுக்கு ஒளி இருந்தும் கதிரவன் ஒளி கூடினால்தான் அது காணும் என்று, உயிரையும் திருவருளையும் சைவ சித்தாந்தம் விளக்குகிறதே, அந்த உவமையை மரத்தடியில் நின்று நினைத்துப் பாருங்கள். சூரியனை மட்டும் நேரே பார்க்காதீர்கள்.

7ஆம் திகதி முகில் மூடினால் 6 அல்லது 8 போதும். வட்டம் நாளுக்கு ஆறரை மில்லிமீற்றர் நகரும், ஆனால் இரண்டு ஊரிலும் ஒரே அளவாகவே நகரும். கொழும்பில் வட்டம் குறிக்கு வடக்கே விழுந்தால் அந்த அளவை யாழ்ப்பாண அளவிலிருந்து கழியுங்கள், தெற்கே விழுந்தால் கூட்டுங்கள்.