டெக்கி ஷோடான்: ஆறு மாதமாக ஒரே ஒரு குத்து

வணக்கம். காலை ஐந்தே முக்கால், மொட்டை மாடியில் இருக்கிறேன். பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

இன்றைக்குப் பேசப்போவது டெக்கி ஷோடான். கராத்தேயில் ஷோடோகான் என்ற பாணியைப் படிக்கிற எல்லோரும் ஹெய்யான் என்கிற ஐந்து ஆரம்பக் கட்டாக்களையும் முடித்த கையோடு கற்றுக்கொள்கிற கட்டா. கட்டா என்றால் தனியாளாக வரிசை மாறாமல் செய்கிற அசைவுத் தொகுப்பு. மொத்தம் 29 அசைவு, இரண்டு இடத்தில் கியாய், அதாவது உரத்த கத்தல். முன்னே போவதில்லை, பின்னே வருவதில்லை, ஒரே கோட்டில் வலதும் இடதுமாக நகர்வதுதான். உதையென்று தனியாக எதுவும் கிடையாது. அதனாலேயே பலரும் பிரவுன் பெல்ட் தேர்வு முடிந்ததும் இதை ஓரம் கட்டிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும்.

இதன் பழைய பெயர் நைஹான்சி. ஜப்பானின் ஒகினாவா தீவில் கராத்தே ஆசிரியர் இடோசு அங்கோ தன் மாணவர்களுக்கு அடித்தளமாகச் சொல்லிக்கொடுத்தது. அவரிடம் படித்த, ஷோடோகானை உருவாக்கிய ஃபுனாகோஷி கிச்சின், மூன்று டெக்கி கட்டாக்களுக்கு (ஷோடான் அவற்றில் முதலாவது) மட்டும் பத்து வருடம் ஆனதாக எழுதியிருக்கிறார். 1922-இல் டோக்கியோவில் கோடோகன் ஜூடோ கூடத்தில் கராத்தேயைச் செய்து காட்ட அவரை அழைத்தபோது, அவரோடு போன கிமா செய்து காட்டியதும் நைஹான்சிதான். பிற்பாடு ஃபுனாகோஷி இதற்கு டெக்கி என்று பெயர் மாற்றினார். இரும்புக் குதிரைவீரன் என்று பொருள். குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி நிற்கிற கிபா டாச்சியிலேயே கட்டா முழுக்க ஓடுவதால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதமாக இந்தக் கட்டாவில் ஒரே ஒரு இடத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு கையும் வலது இடுப்பில் சேர்ந்திருக்கும், தலை இடப்பக்கம் திரும்பும், இடது கை கீழே தடுக்கும், உடனே வலது கை மார்புக்கு முன்னால் வளைந்து இடப்பக்கம் குத்தும். கெடான் பராய், அப்புறம் காகி ஸுகி. காகி என்றால் கொக்கி.

இந்தக் குத்தில் எனக்கு வேகம் இருந்தது, பலம் இல்லை. சட்டைக் கை படார் என்று சத்தம் போடும், பார்க்கிறவர்களும் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஆனால் மாஸ்டர் உள்ளங்கையைக் காட்டிக் குத்தச் சொன்னால் அவர் கை அசையவே அசையாது. சத்தத்தை நம்பாதீர்கள். கையை மட்டும் வீசினாலும் துணி சத்தம் போடும்.

காரணத்தைக் கண்டுபிடித்தது இந்தத் தரையில்தான். ஒருநாள் மழை விட்ட பிறகு ஈரக்காலோடு, காய்ந்திருந்த கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று செய்தேன். முடித்துவிட்டு நகர்ந்து பார்த்தால் இரண்டு தடமும் ஒரே மாதிரி இல்லை. இடது காலின் தடம் சரியாக இருந்தது: குதிகால், வெளி ஓரம், விரல்கள், நடுவில் உள்ளங்கால் குழிவு இருக்கிற இடம் மட்டும் காய்ந்து வெள்ளையாக. வலது காலில் அந்தக் குழிவே இல்லை, முழுப் பாதமும் அப்பிக்கொண்டிருந்தது. திரும்பச் செய்தேன், அதே தடம்.

யோசித்துப் பார்த்தால் புரிந்தது. வலது கை இடப்பக்கம் குத்தும்போது வலது இடுப்பு முன்னால் வரும். இடுப்பு கூப்பிடுகிறதே என்று வலது முழங்காலும் உள்ளே சாய்ந்துவிடுகிறது, அதோடு பாதமும் உள்பக்கம் விழுந்துவிடுகிறது. கால் தரையைத் தள்ளினால், அந்தத் தள்ளல் இடுப்பு, முதுகு, தோள் வழியாக முஷ்டிக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் முழங்கால் வளைந்து கொடுத்தால் அது அங்கேயே தீர்ந்துபோகிறது. குடத்தின் அடியில் ஓட்டை வைத்துக்கொண்டு மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மற்ற கட்டாக்களில் ஒரு அடி முன்னே வைப்பதால் உடம்பின் எடையே குத்துக்குக் கொஞ்சம் பலம் கொடுத்துவிடும், இந்தக் குறை வெளியே தெரியாது. டெக்கியில் அந்த உதவி கிடையாது. நிற்கிற இடத்திலேயே பலத்தை உண்டாக்க வேண்டும். இந்தக் கட்டாவை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

முதலில் செய்தது, காலை ஒடுக்கியது. முன்பு பயிற்சி செய்த ஓர் இடத்தில் எவ்வளவு அகலமாக, எவ்வளவு தாழ்வாக உட்காருகிறோமோ அவ்வளவு நல்லது என்று பழக்கிவிட்டார்கள். நானும் தொடை நடுங்க நடுங்க உட்கார்ந்தேன், வலது முழங்காலின் உள்பக்கம் வலியோடு எட்டு மாதம் போனது. இப்போது சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, பழைய அகலத்தில் நான்கு விரல் குறைத்திருக்கிறேன். ஒகினாவாவில் நைஹான்சியை இதைவிட ஒடுக்கமாகத்தான் நின்று செய்கிறார்கள், ஆகவே இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பாதம் இரண்டும் இணையாக, முழங்கால் இரண்டையும் வெளியே தள்ளி, பாதத்தின் வெளி ஓரத்தால் தரையைப் பிடிக்க வேண்டும். முழங்கால் வலி இருக்கிறவர்கள் தயவுசெய்து முதலில் மருத்துவரைப் பாருங்கள், வலியோடு உட்காராதீர்கள்.

அடுத்தது இடுப்பு. கால் பூட்டிய பிறகு இடுப்பு பெரிதாகத் திரும்ப முடியாது, திரும்பவும் வேண்டாம். வெளியே பார்த்தால் தெரியாத அளவுக்கு ஒரு சின்ன வெட்டு போதும், போன வேகத்தில் திரும்பி வந்துவிட வேண்டும். நான் கேமராவில் முன்பக்கமிருந்து எடுத்து, பெல்ட் முடிச்சின் இரண்டு நுனியையும் பார்த்துக்கொள்வேன். நல்ல குத்தில் நுனி துடிக்கும். மோசமான குத்தில் ஊஞ்சல் மாதிரி ஆடும்.

அப்புறம் ஹிகிதே, அதாவது பின்னிழுக்கிற கை. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நாம் இடது கையை இடுப்புக்குக் கொண்டுவருவதை ஒரு சம்பிரதாயம் மாதிரி செய்கிறோம். எனக்கு அது குத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடும். இப்படி நினைத்துப் பாருங்கள்: எதிராளி நெருங்கி நிற்கிறான், கீழே தடுத்த கை அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. அதை இடுப்புக்கு இழுத்தால் அவன் நம் குத்துக்குள் வந்து விழுகிறான். கொக்கிக் குத்து இவ்வளவு குட்டையாக இருப்பதே அதனால்தான், அவன் கைக்கெட்டுகிற தூரத்தைவிடப் பக்கத்தில் இருக்கிறான். தெருச்சண்டையில் பேர் வாங்கிய மோடோபு சோகி வாழ்நாள் முழுக்க நைஹான்சியை அடித்தளமாக வைத்திருந்தது இந்த நெருக்கத்துக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் பழைய சைக்கிள் டியூப் ஒன்றை இந்த இடப்பக்கக் கம்பியில் கட்டியிருக்கிறேன். கெடான் பராய் முடிந்த இடத்தில் இடது கையால் அதன் நுனியைப் பிடித்து, இழுத்துக்கொண்டே வலது கையால் குத்துகிறேன். இடது கை முந்தினால் டியூப் உடம்பை இடப்பக்கம் சாய்த்துவிடும். பிந்தினால் குத்து காலியாகப் போகும். இரண்டும் ஒரே நொடியில் சேர்ந்தால் மட்டும் நடு உடம்பு ஆணி அடித்தது போல நிற்கிறது. தினமும் இருபது, அதற்கு மேல் வேண்டாம், களைத்த பிறகு செய்வது தப்பாகவே பதியும்.

குத்துகிற கைக்கு ஒரு கைக்குட்டை போதும். மடித்து வலது அக்குளில் வையுங்கள், குத்து முடிகிற இடத்தில் அது அங்கேயே இருக்க வேண்டும். கீழே விழுந்தால் தோள் ஏறிவிட்டது, முழங்கை பறந்துவிட்டது என்று பொருள். முன்கை மார்புக்கு இணையாக நிற்கட்டும், முஷ்டி இடது விலாவைத் தாண்டிப் போக வேண்டாம். வழி முழுக்கக் கை தளர்வாக இருந்து, சேர்கிற இடத்தில் மட்டும் இறுகி, உடனே விட்டுவிட வேண்டும். தொடக்கத்திலிருந்தே இறுக்கிக்கொண்டு போனால் நம் தசையே நமக்குப் பிரேக் போடும்.

நமி கயேஷியைப் பற்றி, அந்த அலை மாதிரி பாதம் உள்பக்கம் ஏறி இறங்குகிற இடத்தைப் பற்றி, இன்னொரு நாள் பேசுகிறேன். இப்போதைக்குத் தலை உயரம் மாறக்கூடாது என்பதை மட்டும் பாருங்கள். சுவரில் புருவ உயரத்துக்கு ஒரு கோடு போட்டால் தெரிந்துவிடும்.

மோட்டார் நின்றுவிட்டது. நல்லது. கேமராவைக் கீழே இறக்குகிறேன், பாதம் மட்டும் தெரிந்தால் போதும். இந்தப் பக்கெட்டில் காலை நனைத்துக்கொள்கிறேன்.

கெடான் பராய், காகி ஸுகி.

நகர்ந்துகொள்கிறேன், பாருங்கள். இடது தடம் இது. வலது இது. குழிவு வந்திருக்கிறது, ஆனால் நடுவில், நான் விரல் வைக்கிற இந்த இடத்தில், ஒரு காசு அகலத்துக்கு ஈரம் பட்டிருக்கிறது. கடைசி நொடியில் முழங்கால் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது.

இன்னொரு முறை செய்கிறேன்.