"அப்ப நீ எப்ப டாக்டர் ஆவ?"

வணக்கம். வீட்டில் சமைத்துக்கொண்டே கேட்பவர்களுக்கும், காரில் போய்க்கொண்டே கேட்பவர்களுக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். என் தமிழ், ஆயாவிடமும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் கற்ற தமிழ். நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மருத்துவ உளவியலாளர் என்று தமிழில் எழுதுகிறார்கள். ஆயா உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. "பேத்தி டாக்டருக்குப் படிக்கிறா" என்றுதான் கோயிலில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். சுகர் மாத்திரையை நீட்டி, "இதைப் பாதியா போட்டா போதுமா பாரு" என்பார். "மாத்திரை எழுத எனக்கு உரிமை இல்லை ஆயா, அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை, அவங்க முதல்ல மருத்துவம் படிச்சவங்க" என்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீ எப்ப டாக்டர் ஆவ?" என்பார்.

இந்தக் கேள்வியை இப்போது பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள். மகள் மனநலம் படிக்க ஆசைப்படுகிறாள், பிஎச்டி வரைக்கும் போனால்தானே ஆகும் என்று. அமெரிக்கத் தொடர்களைப் பார்த்து வந்த எண்ணம் என்று நினைக்கிறேன். அங்கே அது உண்மைதான். 1949இல் போல்டர் என்ற ஊரில் கூடிப் பேசி, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒரே நேரத்தில் ஆராய்ச்சியாளராகவும் சிகிச்சை தருபவராகவும் இருக்க வேண்டும், அதற்கு முனைவர் பட்டம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆராய்ச்சியைவிடச் சிகிச்சைக்கு முதலிடம் தரும் சை.டி. (PsyD) என்ற முனைவர் பட்டம் பிறகு வந்தது. இங்கிலாந்திலும் மூன்று வருட டாக்டரேட்தான் வழி.

நம் நாட்டில் அப்படி இல்லை. மூன்று வருட பிஏ அல்லது பிஎஸ்சி, ஒரு வருட ஹானர்ஸ், அதற்கு மேல் மாஸ்டர்ஸ், ஒரு முழு வருட இன்டர்ன்ஷிப், போர்டு பரீட்சை, அரசாங்கத்துக்கு ஒரு வருட கம்யூனிட்டி சர்வீஸ். எங்கும் விழாமல் போனாலே ஏழு வருடம் ஆகிவிடும். கடைசியில் எச்பிசிஎஸ்ஏ, அதாவது நாட்டின் மருத்துவத் தொழில்களைப் பதிவு செய்யும் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். இந்த வழியில் எங்கேயும் பிஎச்டி கட்டாயமில்லை. இன்னொரு பக்கம், உளவியலில் பிஎச்டி முடித்து 'டாக்டர்' போட்டுக்கொண்டவர்கூட அந்தப் பதிவு இல்லாமல் தன்னை சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் விடாது. இங்கே பிஎச்டி என்பது பெரும்பாலும் ஆய்வேடு மட்டும். ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் அதை முடித்துவிடலாம். ஆகவே யாரிடமாவது போகும்முன், பெயருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள். பி, எஸ் என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அதுவே ஒரு தகவல்.

உண்மையான குறுகல் மாஸ்டர்ஸ் வாசலில் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும், பத்துப் பேர் அளவில்தான் எடுப்பார்கள். நான் இரண்டாம் தடவைதான் உள்ளே போனேன். முதல் தடவை நேர்காணலில், "ஏன் இந்தத் தொழில்?" என்றார்கள். "மற்றவர்களுக்கு உதவ" என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனாவைக் கீழே வைத்ததை இன்னும் மறக்கவில்லை. அன்று காலையிலிருந்து எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், பாவம்.

பட்டம் ஒன்று, பயிற்சி வேறொன்று என்பது இந்த நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. நோயெல் சபானி மங்கன்யி, நம் நாட்டின் முதல் கறுப்பின கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லப்படுபவர், 1970இல் டாக்டரேட் வாங்கினார். ஆனால் வெள்ளையர் மனநல வார்டில் அவருக்கு இடமில்லை. சொவெட்டோ பராக்வனாத் மருத்துவமனையில், நரம்பு அறுவைசிகிச்சை மருத்துவர்களோடு இருந்து பயிற்சி எடுத்தார். நம்மவர் கதையும் ஒன்று உண்டு. ஜோசஃபின் நாயுடு என்ற பெண் உளவியலாளர் 1950களில் நாட்டின் உளவியல் சங்கத்தில் சேர விண்ணப்பம் போட்டார். ஒரு விண்ணப்பம்தான். வருடக்கணக்கில் விவாதித்தார்கள். 1962இல் வெள்ளையரல்லாதவரைச் சேர்க்கலாம் என்று முடிவானதும், ஒரு கூட்டம் வெளியேறி வெள்ளையருக்கென்றே தனிச் சங்கம் வைத்துக்கொண்டது. டர்பன்காரர் சதாசிவன் கூப்பர் ராபன் தீவுச் சிறையிலிருந்து வந்து, பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி முடித்து, 2012இல் உலக உளவியல் ஒன்றியத்தின் தலைவரானார். சாத்ஸ் கூப்பர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, அந்தப் பயிற்சியில் அப்படி என்னதான் இருக்கிறது? புத்தகம், பரீட்சை எல்லாம் உண்டு. ஆனால் பாதி நேரம் ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியரும் சக மாணவர்களும். நீங்கள் நோயாளியிடம் பேசியதைப் பதிவு செய்து, வீட்டில் உட்கார்ந்து வரிவரியாக எழுதி, மறுநாள் சூப்பர்வைசர் முன்னால் வாசிக்க வேண்டும். நோயாளி அழ ஆரம்பித்தபோது ஏன் பேச்சை மாற்றினாய், அந்த அழுகை யாருக்குத் தாங்கவில்லை, அவருக்கா உனக்கா என்று கேட்பார்கள். என் குரலையே கேட்கப் பிடிக்காமல் போன மாதங்கள் உண்டு.

இன்டர்ன்ஷிப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். ஓர் அரசு மருத்துவமனை. வயதான தமிழ் அம்மா ஒருவர் வந்தார், தூக்கமே இல்லை என்று. வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மன் தன்னிடம் பேசுவாள் என்றார். எந்த நேரத்தில், என்ன சொல்வாள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். குறிப்பில் 'செவிப்புல மாயத்தோற்றம்', அதாவது இல்லாத குரல் கேட்பது, என்று பதிந்துவிட்டேன். வேறு நோய் ஒன்றின் பெயரைக்கூடப் பக்கத்தில் கேள்விக்குறியோடு போட்டேன்.

என் சூப்பர்வைசர் ஜூலு பெண்மணி. தமிழ் ஒரு சொல் தெரியாது. குறிப்பைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அம்மன் பேசுவதைப் பற்றி அவர் வீட்டில் யாராவது கவலைப்பட்டார்களா?" நான் கேட்கவில்லை. "எங்கள் வீட்டில் மூதாதையர், அமாட்லோசி, பேசுவார்கள். பேசினால் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. பேசாமல் போனால்தான் பயம்" என்றார்.

மறுநாள் மருமகளிடம் கேட்டேன். முப்பது வருடமாக அம்மன் பேசுகிறாளாம். அக்கம்பக்கத்தார் வந்து திருநீறு வாங்கிப் போவார்களாம். தூக்கம் போனது மூன்று மாதமாக. புருஷன் போய் மூன்று மாதம். நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதை.

தைப்பூசக் காவடியில் பத்து வயதிலிருந்து நின்றிருக்கிறேன். பால்குடம் சுமந்த அக்காவுக்குச் சாமி வந்தபோது தண்ணீர் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்டதும் அதெல்லாம் எங்கோ போய்விட்டது. இத்தனைக்கும், ஒரு சமூகம் வழிபாடாக ஏற்றுக்கொண்ட அருள்நிலையை நோயாகக் கணக்கெடுக்கக் கூடாது என்று மனநோய்களை வகைப்படுத்த நாங்கள் படிக்கும் டிஎஸ்எம் கையேடே சொல்கிறது. நான் அதைப் பரீட்சையில் எழுதித் தேறியவள்தான்.

அதற்காக, சாமி என்று சொன்னதெல்லாம் சாமிதான் என்று நான் சொல்ல வரவில்லை. கல்லூரிப் பையன் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று பயந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டால், வேப்பிலை அடித்து மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். கிளினிக்குக் கூட்டிப் போங்கள், அப்புறம் வேண்டுதலும் செய்யுங்கள்.

எது சாமி, எது நோய் என்று நம் வீடுகளில் எப்படிக் கண்டுகொள்கிறார்கள்? பாட்டிகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. "இது சாமி இல்ல, இது வேற" என்று சட்டென்று சொல்வார்கள். அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் வேலைக்கு வந்து பல வருடம் கழித்து, பகுதிநேரமாக பிஎச்டிக்குப் பதிவு செய்தேன். நான் பேசிய பாட்டிகளில் பலர் பாதி தமிழ், பாதி ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் இதைச் சொல்ல வரும்போது மட்டும் முழுக்கத் தமிழுக்கு வந்துவிடுகிறார்கள்.

உங்கள் மகளுக்கு இப்படி ஒரு கேள்வி வந்து தூக்கத்தைக் கெடுத்தால் பிஎச்டி செய்யட்டும். இப்போதைக்கு அவள் செய்யக்கூடியது இரண்டு. லைஃப்லைன் போன்ற தொலைபேசி உதவிக்குத் தன்னார்வலராகச் சேர்ந்து, அந்நியர் ஒருவரின் மௌனத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம் ஜூலு படிக்கட்டும். கம்யூனிட்டி சர்வீஸ் வருடத்தில் என் தமிழை யாரும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் நடந்து கிளினிக்குக்கு வந்த அம்மாக்களிடம் நான் துபாஷி வைத்துத்தான் பேசினேன், வெட்கமாக இருந்தது.

ஆய்வேட்டில் இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. ஆயா போய் நான்கு வருடமாகிறது. கோயிலில் அவருடைய தோழிகள் இப்போதும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், போன வாரம்கூட ஒருவர் பிரஷர் மாத்திரையை நீட்டினார். நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வணக்கம்.