பழைய புடவை, நாலு மடிப்பு, காலரா

வணக்கம் மக்களே! போன வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தாரு, "யுனிவர்சிட்டி ஆராய்ச்சியெல்லாம் ப்ரொமோஷன் வாங்கத்தானே ப்ரோ, நமக்கு என்ன பிரயோஜனம்?"னு. பாதி நியாயம்தான், சண்டைக்கு வரல. மீதி பாதிக்கு ஒரே ஒரு கதை சொல்றேன்.

வங்கதேசத்துல மத்லாப்னு ஒரு பகுதி. ஆத்துத் தண்ணி, குளத்துத் தண்ணிதான் நிறைய பேருக்கு. காலரா விட்டு விட்டு வந்துக்கிட்டே இருக்கும். கொதிக்க வெச்சுக் குடிங்கன்னு ஈஸியா சொல்லிரலாம், விறகுக்கு எங்க போறது? சரி, குழாய்க் கிணறு போடலாம்னா பல இடத்துல நிலத்தடித் தண்ணியில ஆர்செனிக்ங்கிற விஷம்.

அமெரிக்காவுல மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல ரீட்டா கோல்வெல்னு ஒரு விஞ்ஞானி. காலராக் கிருமி தண்ணியில சும்மா மிதக்குறது மட்டுமில்ல, கோப்பிபாட்னு ஒரு மில்லிமீட்டர் சைஸ்ல ஒரு பூச்சி மாதிரி உயிரி இருக்கு, அது மேல ஆயிரக்கணக்குல ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அவங்க டீம் கண்டுபிடிச்சுது. கிருமி எந்தத் துணியிலயும் புகுந்துரும். ஆனா இந்தக் கோப்பிபாட் புகாதே! வண்டிய மடக்குனா மேல உக்காந்து வர்றவனும் மாட்டுவான்ல, அவ்வளவுதான் ஐடியா.

அங்க பொம்பளைங்க வீட்ல பண்ற பானங்கள ஏற்கனவே புடவைத் துணியிலதான் வடிகட்டுறாங்க. அதையே லேப்ல வெச்சுப் பாத்தாங்க. பழைய காட்டன் புடவைய நாலுல இருந்து எட்டு மடிப்பா மடிச்சா, ஓட்டை சுமார் 20 மைக்ரானுக்கு (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இறங்கிடுது. இதுல புதுப் புடவைய விடப் பழசுதான் பெட்டர். துவைச்சுத் துவைச்சு நூல் பிரிஞ்சு, அந்த இழையே சந்த அடைச்சுக்குது. எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இதான்!

அப்புறம் 65 கிராமத்துல, ஒரு லட்சத்துக்கும் மேல ஜனங்கள வெச்சு டெஸ்ட். 2003ல ரிசல்ட் வந்துச்சு. புடவையில வடிகட்டுன வீடுகள்ல காலரா 48 சதவீதம் கம்மி. இதுக்குன்னே குடுத்த நைலான் வலைக்கு 41தான். செலவில்லாத பழந்துணி ஜெயிச்சிருச்சு.

பொதுவா இதோட பேப்பர் போட்டுட்டுப் போயிருவாங்க. இவங்க அஞ்சு வருஷம் கழிச்சுத் திரும்பப் போய், இன்னும் செய்யுறீங்களான்னு கேட்டாங்க. நூத்துக்கு 31 பேர் வடிகட்டிக்கிட்டுதான் இருந்தாங்க. கம்மியா தோணலாம். தினமும் தலைக்கு மேல வேலை இருக்குற வீட்ல அது பெரிய விஷயம்னுதான் நான் சொல்லுவேன். இன்னொன்னு, வடிகட்டாத பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் காலரா குறைஞ்சிருந்துச்சு. அத அவங்களே எதிர்பாக்கல.

ஒரு நிமிஷம், இதப் பாத்துட்டு நாளைக்கே கொதிக்க வெக்கிறத நிறுத்திறாதீங்க. தனியா மிதக்குற கிருமி, வைரஸ், ஆர்செனிக் எதையும் புடவை தடுக்காது. வேற வழியே இல்லாத எடத்துக்குத்தான் இது. துணியயும் ஒவ்வொரு தடவையும் அலசி வெயில்ல காயப்போடணும், ஓகேவா?