வாக்கு கொடுத்த ஊர்: திருவொற்றியூர்

[காட்சி: தேரடி. கன்டெய்னர் லாரிகள், மேலே மெட்ரோ, பின்னால் கோபுரம்]

ஒற்றின்னா அடமானம். தெற்கே வீட்டை "ஒத்திக்கு" விடுவாங்க, நம்ம பக்கம் அதையே போகியம்னு சொல்வோம். அப்போ திருவொற்றியூர்னா அடமானம் வெச்ச ஊரா? ஊழிக்காலத்துல பொங்கி வந்த கடலை ஈசன் ஒற்றி நிறுத்தின இடம்ங்கிறது தலபுராணம். ரெண்டுமே இந்த ஊர்ல நிலைச்சிருக்கு. ஆனா அடமானம்ங்கிற பொருள்தான் எனக்கு மனசுல ஒட்டுது. ஏன்னா இங்கே ரெண்டு பேர் கட்டுப்பட்டுக் கிடந்தாங்க: ஒருத்தர் கொடுத்த வாக்குக்கு, இன்னொருத்தர் நண்பனுக்குப் பட்ட கடனுக்கு.

[காட்சி: பிராகாரம், மகிழமரம்]

முதல் ஆள் தேவாரம் பாடின சுந்தரர். திருவாரூர்ல மனைவி பரவையாரோட வாழ்ந்தவர். இங்கே வந்தப்போ, சாமிக்குப் பூக்கட்டிக் கொடுக்கிற சங்கிலியாரைப் பார்த்து மனசைப் பறிகொடுத்துட்டார். அவங்களைக் கட்டிக்கணும்னா, "உன்னை விட்டுப் பிரியமாட்டேன்"னு சத்தியம் பண்ணணும். ஊர் ஊரா போய்ப் பாடுறவர், அதனால சிவன்கிட்ட ஒரு ஏற்பாடு கேக்கிறார்: "நான் சன்னதியில சத்தியம் பண்ணும்போது, நீங்க கருவறையில இருக்காம மகிழமரத்தடிக்குப் போயிடுங்க."

சரின்னு சொன்ன அதே சிவன், சங்கிலியார் கனவுல போய், "மகிழடியில சத்தியம் வாங்கிக்கோ"ன்னுட்டார். மறுநாள் தோழிகள், "சன்னதியெல்லாம் எதுக்கு, மரத்தடியே போதும்"னு சொன்னதும் சுந்தரருக்கு வேற வழியில்லை. மரத்தைச் சுத்தி வந்து சத்தியம் பண்ணினார்.

வசந்தம் வந்துச்சு. தென்றல் அடிச்சதும் திருவாரூர்த் திருவிழா ஞாபகம். ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், ரெண்டு கண்ணும் போச்சு. வழியில திருவெண்பாக்கத்துல ஒரு ஊன்றுகோல் கிடைச்சுது. அந்தப் பழைய கோயில் பூண்டி ஏரி கட்டினப்போ தண்ணிக்குள்ள போயிடுச்சு. காஞ்சிபுரத்துல இடக்கண், திருவாரூர்ல வலக்கண் திரும்பி வந்துச்சு.

[காட்சி: கிரந்த எழுத்துக் கல்வெட்டு, நெருக்கத்தில்]

இது பக்தர்கள் சொல்ற கதை. ரெண்டாவது ஆளோட கதை கல்லுலயே இருக்கு.

949. அரக்கோணம் பக்கம் தக்கோலத்துல, ராஷ்டிரகூடர்களோட நடந்த போர்ல சோழ இளவரசர் ராஜாதித்தர் யானை மேலேயே இறந்துட்டார். கேரளத்துல இருந்து வந்து அவருக்குப் படைத்தலைவரா, உயிர் நண்பரா இருந்தவர் ஒருத்தர். தலைவன் பக்கத்துல நின்னு சாக முடியலையேங்கிற வெட்கம் அவரை விடல. கங்கையில முழுகி, துறவியாகி, திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தார். சதுரானன பண்டிதர்னு பேர் வாங்கி ஒரு மடத்தை நடத்தினார்.

தன் நண்பனுக்குத் தகாததைச் செஞ்சுட்டேன்னு சமஸ்கிருதச் செய்யுள்ல வெட்டியிருக்கு. அந்தக் கல்வெட்டோட ஆட்சியாண்டைப் பாருங்க: மூன்றாம் கிருஷ்ணன். ராஜாதித்தரைத் தோற்கடிச்ச அதே ராஷ்டிரகூட ராஜா! ஜெயிச்சவன் ஆட்சியில உக்காந்து, தோத்தவனுக்காக வருந்தியிருக்கார் இந்த மனுஷர். இந்த வரிகளை எப்போ படிச்சாலும் எனக்குத் தொண்டை அடைக்குது.

பின்னால வந்த மடத்தலைவர்களுக்கும் சதுரானனர்ங்கிற பேரே நின்னுச்சு. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துல அப்படி ஒரு சதுரானனர் சொல்லித்தான் கருவறை விமானத்தைக் கருங்கல்லுல எடுத்துக் கட்டினாங்க. கட்டின தச்சர் பேரும் கல்லுல இருக்கு: ரவி என்கிற வீரசோழத் தச்சன். விமானத்தோட பின்பக்கம் யானை முதுகு மாதிரி வளைஞ்சிருக்கும், சுத்தி வரும்போது நின்னு பாருங்க.

உள்ளே மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருஷம் முழுக்கக் கவசம் போட்டிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூணு நாள் மட்டும் கவசத்தை எடுத்து, புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துவாங்க. அன்னிக்குக் கூட்டம் தாங்காது, விடியற்காலையிலயே வந்துடுங்க. சுந்தரர் சத்தியம் பண்ணினதைப் பார்க்கணும்னா மாசித் திருவிழாவுக்கு வாங்க. மகிழடி சேவை அன்னிக்கு, அதே மரத்தடியிலதான்.