தோற்றவருக்கும் புரிய வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். சட்டக் கல்லூரி என்றால் மாதிரி நீதிமன்றப் போட்டியும், கறுப்புக் கோட்டு போட்ட மாணவர்கள் வாதிடுவதும்தான் நினைவுக்கு வரும். வாதிட நன்றாகவே பழக்குகிறோம். தீர்ப்பு எழுத? சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிக்கும்போதுதான் பலர் முதல் தீர்ப்பையே எழுதிப் பார்க்கிறார்கள். எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.

நான் வகுப்பில் கொடுப்பது ஒரு புரோநோட்டு வழக்கு, அதாவது கடனைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சீட்டு பற்றிய வழக்கு. உங்களுக்குத் தெரியாத சமாச்சாரம் இல்லை. 'கடன் கொடுத்தேன், திரும்ப வரவில்லை' என்கிறார் வாதி. 'அந்தக் கையெழுத்தே என்னுடையது இல்லை' என்கிறார் பிரதிவாதி. சாட்சியங்களைக் கொடுத்துத் தீர்ப்பு எழுதச் சொன்னால், பலர் தாளில் இப்படி இருக்கும்: 'இருதரப்பு வாதங்களையும் கேட்டு, ஆவணங்களைப் பரிசீலித்ததில், வாதி தன் வழக்கை நிரூபித்துள்ளார் என இந்நீதிமன்றம் கருதுகிறது.'

கேட்க கம்பீரமாக இருக்கிறது, இல்லையா? உடனே ஒரு மாணவரைப் பிரதிவாதியாக முன்னால் உட்கார வைப்பேன். எழுதியவர் அவரிடம் தீர்ப்பை வாசித்துக் காட்ட வேண்டும். பிரதிவாதிக்கு அனுமதி ஒரே ஒரு கேள்விக்குத்தான்: 'ஏன்?' எந்தச் சாட்சியை நம்பினீர்கள்? நோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் குறுக்கு விசாரணையில் என்ன சொன்னார்? தாளில் பதில் இருக்காது. வகுப்பே அமைதியாகிவிடும்.

அப்புறம் இன்னொரு சிக்கல். புரோநோட்டு, காசோலை போன்றவற்றுக்கான செலாவணி முறிச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, நோட்டுக்குப் பணம் கைமாறியது என்று முதலில் அனுமானிக்கச் சொல்கிறது. மாணவர்கள் நேரே அங்கே போய்விடுவார்கள். ஆனால் கையெழுத்தையே மறுக்கும்போது, அது பிரதிவாதியுடையதுதான் என்று வாதி முதலில் நிரூபிக்க வேண்டும். அனுமானம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் தோற்றவருக்குப் பெரிய அநியாயம்.

சட்டம் ஒன்றும் அலங்காரம் கேட்கவில்லை. உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டம், கட்டளை 20, விதி 4 கேட்பது: வழக்கின் சுருக்கம், தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைகள், முடிவு, அதற்கான காரணங்கள். அவ்வளவுதான். 2022-இல் உச்ச நீதிமன்றமே, புரியாத நடையில் எழுதப்பட்ட ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, பத்திகளுக்கு எண் போடுவது முதற்கொண்டு தீர்ப்பு எழுதும் முறையை விளக்கியது. அதைப் பாடமாகவே வைக்கலாம். ஜெயித்தவர் காரணத்தைப் படிக்கமாட்டார். தோற்றவர் படிப்பார், மேல்முறையீட்டு நீதிமன்றம் படிக்கும்.

குற்றவியல் தீர்ப்பைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும்: குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, என்ன தண்டனை என்பதில் அவர் சொல்வதைத் தனியாகக் கேட்க வேண்டும். அதைக் கேட்டதும், எடைபோட்டதும் தீர்ப்பில் தெரிய வேண்டும். தமிழகக் கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே தீர்ப்பு எழுத 1976-இலேயே சட்டத்திருத்தம் வந்தாயிற்று. அந்தப் பயிற்சியையும் கல்லூரியிலேயே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.