ஒரே ஒரு போட்டானை (ஒளித்துகளை) பிடிப்பது எப்படி?

[திரை: இருட்டில் சிறு ஒளிப்புள்ளி]

இந்தப் புள்ளி ஒற்றைக் கால்சியம் அயனி. வெற்றிடத்தில், மின்புலம் அதை அந்தரத்தில் பிடித்து வைத்திருக்கிறது. இந்த அயனிப் பொறிக்காக வோல்ஃப்காங் பால் 1989-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். குவாண்டம் தகவலைப் பத்திரமாகச் சேமிக்க அயனி அருமையான இடம். ஆனால் இருந்த இடத்தைவிட்டு நகராது. தொலைவில் இருக்கும் இன்னொரு அயனியோடு அதைப் பிணைக்க, ஒளிதான் தூது போக வேண்டும்.

[திரை: இரண்டு அயனிகள், நடுவில் ஒரு பீம் ஸ்ப்ளிட்டர் (ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும் கண்ணாடி)]

லேசரால் தூண்டினால் அயனி ஒரு போட்டானை உமிழும். அயனியும் போட்டானும் குவாண்டம் பின்னலில் இருக்கும்; அதாவது, விலகிப் போனாலும் ஒன்றின் நிலை மற்றதன் நிலையோடு பிணைந்தே இருக்கும். இரு அயனிகளின் போட்டான்களையும் நடுவே சந்திக்கவைத்து, எது யாருடையது என்று தெரியாதபடி அளந்தால், நேரில் சந்தித்தே இராத அயனிகள் பின்னிக்கொள்ளும்.

சரி, சிக்கல் எங்கே? போட்டான் எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. நல்ல லென்ஸ் வைத்தாலும் பத்தில் ஒன்று சிக்கினாலே பெரிது. இரு பக்கமும் ஒரே சமயத்தில் சிக்க வேண்டுமே! அப்போது நூறில் ஒன்று.

[திரை: அயனியின் இருபுறமும் ஆடிகள்]

இங்கேதான் ஆப்டிகல் கேவிட்டி வருகிறது. எதிரெதிரே இரண்டு ஆடிகள். ஒளி இவற்றுக்கிடையே ஆயிரக்கணக்கான முறை எதிரொளிக்கும். அயனி தன் போட்டானை இந்த அச்சிலேயே விடும் வாய்ப்பு பெருகுகிறது. ஓர் ஆடி மட்டும் லேசாகக் கசியும்; அந்தக் கசிவுதான் ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபருக்குள் போகிறது.

ஆடிகளை நெருக்கினால் அயனிக்கும் ஒளிக்கும் இடையிலான பிணைப்பு வலுக்கும். ஆனால் அவை மின்கடத்தாப் பொருள்கள். லேசர் பட்டால் மேற்பரப்பில் மின்னூட்டம் தேங்கி, அயனியைத் தள்ளிவிடும். இந்த இழுபறியைச் சமாளிப்பதுதான் இத்துறையின் பாதி வேலை என்பேன். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் பல்கலைக்கழகக் குழு ஆடிகளுக்கிடையே சுமார் 2 சென்டிமீட்டர் விட்டது. 2023-இல் 230 மீட்டர் இடைவெளியில், வெவ்வேறு கட்டடங்களில் இருந்த இரு அயனிகளை இப்படிப் பிணைத்துக் காட்டியது.

[திரை: நீளும் ஃபைபர்]

அப்புறம் தூரம். கால்சியம் தரும் 854 நானோமீட்டர் ஒளி, ஃபைபரில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதன் அலைநீளத்தை 1550 நானோமீட்டருக்கு மாற்றினால், 50 கிலோமீட்டருக்குப் பிறகும் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். வழியில் பெருக்கிக்கொள்ளவும் முடியாது. குவாண்டம் நிலையை நகலெடுக்க இயற்கை விடுவதில்லை.

அதனால் அதே ஆண்டு, இன்ஸ்ப்ருக் குழுவினர் ஒரே கேவிட்டியில் இரு அயனிகளை வைத்தார்கள். ஒவ்வொன்றின் போட்டானும் 25 கிலோமீட்டர் ஃபைபரில் போனது. முதல் போட்டான் சேர்ந்துவிட்டால், அடுத்தது சேரும்வரை முதல் அயனி காத்திருக்கும். பிறகு பொறிக்குள்ளேயே இரு அயனிகளையும் இணைத்துவிட்டால், 50 கிலோமீட்டர் ஃபைபரின் இரு முனைகளிலும் உள்ள போட்டான்கள் பின்னிக்கொள்கின்றன.